பிள்ளைகளிடம் பாரபட்சம் காட்டிக் குடும்பத்தைக் குலைத்த தொலைக்காட்சித் தொடர்த் தந்தை என்று யாரைச் சொல்வீர்கள்?

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1978 முதல் 1991 வரை ஒளிபரப்பான ‘டல்லஸ்’ தொடரின் ஜாக் யூயிங்கைத்தான் சொல்வேன். டெக்சாஸில் எண்ணெய் எடுத்துப் பெரும் செல்வம் சேர்த்த இவர், மனைவி எல்லியின் பிறந்தவீட்டுச் சொத்தான சவுத்ஃபோர்க் பண்ணையில், மூத்த மகன் ஜே.ஆரையும் இளையவன் பாபியையும் அவரவர் மனைவியரோடு ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு வாழ்கிறார். நடுமகன் கேரியை அவர் கோழையென்றே எண்ணியதால் அவனுக்கு அந்த வீட்டில் இடம் நிலைக்கவில்லை. கேரி தாய்க்குச் செல்லப்பிள்ளை என்பதால், எல்லியையும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து முழுதாக விடுவிக்க முடியாது.

எண்ணெய் நிறுவனத்தின் பாரத்தைச் சுமந்தவன் ஜே.ஆர்.; தந்தையின் மனம் குளிர்ந்ததோ பாபியிடம். ஜே.ஆரைப் பிறவி வில்லனாகப் பார்ப்பவர்களே மிகுதி. எனக்கு அவன், எத்தனை கோடி ஈட்டினாலும் தந்தையின் வாயால் ஒரு பாராட்டை வாங்க முடியாமல் தம்பியின் மேல் வஞ்சம் வளர்த்த பிள்ளையாகவே தெரிகிறான். செல்லப்பிள்ளை பாபிக்கும் நிம்மதி கிடைத்துவிடவில்லை. அதிகாரத்தை யாரும் தூக்கித் தரமாட்டார்கள், நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குக் கற்பித்தவர் ஜாக். அந்த அதிகாரம் அண்ணன் கையில் இருந்தது என்பதை அவர் அறியாதவரா என்ன!

பண்ணையில் வேலை பார்த்த ரே கிரெப்ஸும் தம் மகனே என்று பின்னர் தெரியவந்தபோது, ஜாக் அவனை ஏற்றுக்கொண்டார். ஆனால் நிறுவனத்தின் வாக்குப் பங்குகளைப் பிரித்தபோது ஜே.ஆருக்கும் பாபிக்கும் தலா 20, கேரிக்கும் ரேக்கும் தலா 10 என்று, தம் மனத்திலிருந்த தராசை எண்களாகவே எழுதிவைத்தார்.

ஜாக்காக நடித்த ஜிம் டேவிஸ் 1981 ஏப்ரலில் காலமானார். தயாரிப்பாளர்கள் உடனே வேறொருவரை அந்த வேடத்தில் அமர்த்தாமல், தென் அமெரிக்காவில் நேர்ந்த ஹெலிகாப்டர் விபத்தில் ஜாக் இறந்ததாகக் கதையை அமைத்தனர். தந்தை உயிரோடிருந்திருந்தால் என்றாவது ஒருநாள் கிடைத்திருக்கக்கூடிய அந்தப் பாராட்டு இனிக் கிடைக்கவே கிடைக்காது என்றானதும், ஜே.ஆரின் ஆத்திரத்துக்கு எல்லையே இல்லாமல் போனது என்பது என் கணிப்பு. போதாததற்கு உயில் வேறு வந்தது. ஜே.ஆரும் பாபியும் நிறுவனத்தில் ஆளுக்குப் பாதியை ஓராண்டு நடத்த வேண்டும். யார் அதிக இலாபம் காட்டுகிறாரோ அவருக்கே கட்டுப்பாடு போய்ச்சேரும் என்று எழுதியிருந்தார் அந்த மனிதர். அந்தப் போட்டியில் அதுவரை நேர்மைக்குப் பெயர்பெற்ற பாபியும் அண்ணனின் வழிமுறைகளைக் கையாளத் தொடங்கியதைக் காணப் பொறுக்காமல், உயிலைச் செல்லாததாக்கக் கோரி எல்லியே நீதிமன்றம் சென்றார், தோற்றும் போனார். தொடர் முழுவதையும் பார்க்க நேரமில்லாதவர்கள், அந்த வழக்குப் பகுதியை மட்டுமாவது பார்க்கலாம்.