விளக்கும் சென்சாரும் சொல்பேச்சு கேட்காதபோது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும் நடையில் ஜன்னல் கிடையாது. ஆள் வந்தால் தானே எரியும் விளக்கு ஒன்றை மார்கழியில் பொருத்தி, அதன் சென்சாரை நடையின் கோடியில், சமையலறை வாசலுக்கு மேலே வைத்தோம். அப்போது நன்றாகவே வேலை செய்தது. சித்திரை பிறந்ததிலிருந்து பிற்பகலில் கிட்டத்தட்ட அதன் கீழே வந்து நின்றால்தான் விளக்கு எரிகிறது. இரவு பத்து மணிக்கு மேல் மறுபடி ஒழுங்காகிவிடுகிறது. சென்சாரை மாற்ற வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: மாற்ற வேண்டியதில்லை. இரவில் சரியாகிவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடை இருக்கிறது. இந்த வகை சென்சார் ஆளைப் பார்ப்பதில்லை. நம் உடம்பிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிருக்கும் பின்னால் இருக்கும் சுவரின் வெப்பக் கதிருக்கும் உள்ள வேறுபாடு இடம் மாறுவதை மட்டுமே அது உணர்கிறது. மார்கழியில் சுவர் குளிர்ந்திருந்ததால் அந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தளம் சூடேறி, பிற்பகலில் நடையின் சுவர் 35 டிகிரியைத் தொடும்போது நம் தோலின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவில் இருப்பதால், சென்சாரைப் பொறுத்தவரை நாம் சுவரோடு சுவராகிவிடுகிறோம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பிற்பகலில் விளக்கு அணைந்திருக்கும்போது நடையின் நடுவில் நின்று வெறுங்கையை அசையுங்கள். விளக்கு எரியவில்லை என்றால், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு ஒன்றை அதே இடத்தில் அதே போல வீசிப் பாருங்கள். துண்டுக்கு எரிந்து கைக்கு எரியவில்லை என்றால் சென்சார் நல்ல நிலையில்தான் இருக்கிறது. துண்டுக்குப் பதிலாகச் சுடுதண்ணீர் நிறைத்த எவர்சில்வர் பாத்திரத்தைக் காட்டிச் சோதிக்க வேண்டாம். பளபளப்பான உலோகம் உள்ளே எவ்வளவு சூடாக இருந்தாலும் வெப்பக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும் என்பதால், நல்ல சென்சாரையும் கெட்டது என்று எண்ணிவிடுவோம்.

அடுத்தது சென்சார் இருக்கும் இடம். அதன் முகப்பில் உள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி உண்மையில் பல சிறு லென்சுகளின் தொகுப்பு. அது எதிரே உள்ள இடத்தைக் கீற்றுக் கீற்றாகப் பிரிக்கிறது. ஒருவர் அந்தக் கீற்றுகளைக் குறுக்கே கடந்தால் சென்சார் உடனே விழித்துக்கொள்ளும். அதை நோக்கி நேராக நடந்து வந்தால் வெகுநேரம் ஒரே கீற்றுக்குள்ளேயே இருப்பதால் தாமதமாகத்தான் உணரும். வாசலுக்கு மேலே இருக்கும் உங்கள் சென்சாரை நோக்கித்தான் வீட்டில் எல்லோரும் நேராக நடக்கிறார்கள். அதை நடையின் பக்கச் சுவருக்கு, தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே மாற்றி, ஹாலில் இருந்து நுழைபவர் குறுக்கே கடக்கும்படி திருப்பி வையுங்கள். உணர்திறன் குமிழை முழுவதும் திருப்புவதைவிட இதனால் கிடைக்கும் பலன் அதிகம்.

ரேடார் அலை கொண்டு ஆளை உணரும் புதிய வகை சென்சார்களுக்கு வெயில் ஒரு பொருட்டில்லை; அசையாமல் உட்கார்ந்து படிப்பவரையும் அவை கண்டுகொள்ளும். ஆனால் சுழலும் மின்விசிறியையும் ஆடும் திரைச்சீலையையும் ஆள் என்று நினைப்பதும், பிளைவுட் தடுப்புக்கு அப்பால் நடப்பவருக்காக இந்தப் பக்கம் விளக்கை எரியவிடுவதும் அவற்றில் உண்டு. ஒரு நடைக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து.

கேள்வி: மாடிப்படி விளக்குக்கு நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) தேவைப்படாத ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கிப் போட்டோம். அணைத்த பிறகும் 9 வாட் எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிந்தது. சில நேரம் மின்மினிபோல் விட்டு விட்டு மின்னியது. எலக்ட்ரீஷியன் வந்து நியூட்ரல் உள்ள வேறு சுவிட்சை மாட்டி, விளக்குக்கும் சேர்த்துப் பக்கத்து போர்டின் சாக்கெட்டிலிருந்து புதிய நியூட்ரல் ஒன்றை இழுத்துக் கொடுத்தார். இப்போது அந்த விளக்கைப் போட்டாலே மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுகிறது. மாடிப்படி விளக்கு இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா?
– வாசகர், சேலம்

பதில்: தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம். ஆர்.சி.சி.பி. தன் வேலையைச் சரியாகச் செய்ததனால்தான் வயரிங்கில் உள்ள பிழை உங்களுக்குத் தெரியவந்திருக்கிறது.

முதலில் மங்கலாக எரிந்ததற்கான காரணத்தைப் பார்ப்போம். நம் வீடுகளின் பெரிய சுவிட்ச் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு சாக்கெட் இருக்கும் என்பதால் அங்கே நியூட்ரலும் இருக்கும். மாடிப்படியிலும் குளியலறை வாசலிலும் உள்ள சிறு போர்டுகளுக்கு ஃபேஸ் வயரும் விளக்குக்குப் போகும் வயரும் மட்டுமே வந்திருக்கும். நியூட்ரல் தேவைப்படாத ஸ்மார்ட் சுவிட்ச், தான் உயிரோடு இருக்கத் தேவையான சிறு மின்சாரத்தை, அணைந்திருக்கும் விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. பழைய குண்டு பல்பில் இது கண்ணுக்கே தெரியாது. எல்.இ.டி. பல்பின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரோ அந்தத் துளித் துளியான மின்சாரத்தைச் சேமித்து, நிறைந்ததும் ஒரு மின்னலாக வெளிவிடுகிறது. விளக்கு மாட்டும் இடத்தில், அதன் இரண்டு வயர்களுக்கும் குறுக்கே, சுவிட்சைத் தயாரித்தவர்களே விற்கும் சிறு பைபாஸ் கெப்பாசிட்டரை இணைத்திருந்தால் அந்தத் தொல்லை அங்கேயே தீர்ந்திருக்கும்.

இப்போது ஆர்.சி.சி.பி. விழுவதைப் பார்ப்போம். ஃபேஸ் வழியாகப் போன மின்சாரம் அவ்வளவும் தன் வழியே உள்ள நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது நொடிதோறும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் கட்டாயம் விழ வேண்டும், அதில் பாதியைத் தாண்டியதிலிருந்தே விழவும் கூடும். உங்கள் மாடிப்படி விளக்கு ஃபேஸை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்து, நியூட்ரலைச் சாதாரண லைனின் ஆர்.சி.சி.பி. வழியாகத் திருப்பி அனுப்புகிறது. 9 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் வரும். அந்த ஒற்றை பல்பே போதும், ஆர்.சி.சி.பி.யை விழவைக்க.

இரவல் நியூட்ரலில் இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நாளை யாராவது அந்தச் சாக்கெட்டைப் பழுது பார்ப்பதற்காக அந்த லைனுக்குரிய எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிட்டு, மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையோடு நியூட்ரல் வயரைக் கழற்றினால், எரிந்துகொண்டிருக்கும் மாடிப்படி விளக்கின் வழியாக அந்த வயரின் நுனிக்கு மின்சாரம் வந்து நிற்கும். கை வைப்பவரின் உயிருக்கே அது ஆபத்து. ஆகவே ஃபேஸ் எந்த லைனிலிருந்து வருகிறதோ அதே லைனின் நியூட்ரலைத்தான் இழுக்க வேண்டும். மெயினையும் இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைத்துவிட்டு, மெயின் போர்டில் எந்த நியூட்ரல் எந்த லைனுக்கு உரியது என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு மீட்டர் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அதற்கு அரை நாள் ஆகலாம். ஆனாலும் அந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வாசல் விளக்கு இருட்டியதும் தானே எரியும்படி ஒளி சென்சார் வைத்தோம். அந்தி நேரத்தில் எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து, அரை மணி நேரம் ஆட்டம் காட்டுகிறது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: விளக்கின் வெளிச்சம் அதன் சென்சார் மீதே விழுகிறது. இருட்டு என்று விளக்கைப் போடுகிறது. போட்டதும் வெளிச்சம் வந்துவிட்டது என்று அணைக்கிறது. சென்சாரை விளக்குக்குப் பின்புறமாக வானத்தைப் பார்க்கத் திருப்புங்கள், அல்லது இடையில் ஒரு சிறு தகட்டை மறைப்பாக வையுங்கள். செயலி வழியே இயங்குவது என்றால், எரிவதற்கான ஒளி அளவைவிட அணைவதற்கான அளவை நன்றாக உயர்த்தி, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள்.

கேள்வி: கீழ்த்தளத்தில் ரவுட்டருக்குப் பக்கத்தில் சிறு கணினி ஒன்றை வைத்து, அதில் ஜிக்பீ டாங்கிளை (ஸ்மார்ட் கருவிகளோடு கம்பியின்றிப் பேசும் சிறு யு.எஸ்.பி. கருவி) செருகியிருக்கிறோம். மாடிக் கதவுகளில் வைத்த பேட்டரி சென்சார்கள் இரவில் மட்டும் தொடர்பு அறுந்து போகின்றன. பேட்டரி மாற்றியும் பயனில்லை.
– வாசகர், ஈரோடு

பதில்: இரவில் மட்டும் என்பதைக் கவனியுங்கள். ஜிக்பீயில் நேரடியாக மின்சாரத்தில் இயங்கும் பல்பும் பிளக்கும்தான் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். பேட்டரி சென்சார்கள் கடத்தா. கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குச் செய்தியைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது, அநேகமாக மாடிப்படியிலோ மாடி அறையிலோ உள்ள ஒரு ஸ்மார்ட் பல்பாக இருக்கும். வீட்டில் யாரோ ஒருவர், படுக்கப் போகும்போது வழக்கம்போல அதன் சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறார். அவர் மீது தவறில்லை. சுவிட்ச் இருப்பது அணைப்பதற்குத்தான். யாரும் தொடாத இடத்தில் ஜிக்பீ பிளக் ஒன்றை எப்போதும் மின்சாரத்தில் இருக்கும்படி மாட்டிவிடுங்கள்.

கூடவே, டாங்கிளை யு.எஸ்.பி. 3.0 துளையில் நேராகச் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தத் துளை 2.4 கிகாஹெர்ட்ஸில் எழுப்பும் இரைச்சல் ஜிக்பீயின் காதை அடைத்துவிடும். ஒரு மீட்டர் நீட்டிப்பு வயரில் இணைத்து, ரவுட்டரிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். கும்பகோணத்தில் பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். வாசல் கேமராவையும் விளக்குகளையும் இங்கிருந்து பார்க்க, பொருத்தித் தந்தவர் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து கொடுத்தார். இணைய நிறுவனத்தை மாற்றியதிலிருந்து அது வேலை செய்யவில்லை. மறுபடி எப்படித் திறப்பது?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: திறக்க முடியாமல் போனது உங்கள் நல்ல நேரம் என்றே சொல்வேன். போர்ட் ஃபார்வர்டிங் என்பது, பெற்றோர் வீட்டுக் கேமராவுக்கு உலகம் முழுவதும் பார்த்திருக்க ஒரு வாசலைத் திறந்து வைப்பது. தானாகவே முகவரி முகவரியாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக இயங்குகின்றன. 2016-இல் பரவிய மிராய் என்ற நச்சு நிரல், தொழிற்சாலையில் வைத்த சுமார் 60 பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டுமே மாற்றி மாற்றி முயன்று, பெருந்தொகையான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகளைக் கொண்டு, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே அமெரிக்காவில் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களில் பலருக்குத் தம் கருவி கைமாறியது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

இப்போது வேலை செய்யாததற்குக் காரணம் எளிது. ரவுட்டரின் இணைய முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தரும் முறையில் நீங்கள் இருக்கிறீர்கள். அப்போது வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டர் வரை வந்தே சேராது.

சரியான வழி வி.பி.என்., அதாவது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழையும் பூட்டிய தனிப்பாதை. வீட்டுக்கே பொது முகவரி இருந்தால் வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருள் போதும்: உரிய சாவி இல்லாத எந்த அழைப்புக்கும் அது பதிலே சொல்லாது என்பதால், தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. பகிர்ந்த முகவரி என்றால், வீட்டுக்குள் இருக்கும் சிறு கணினியே வெளியே உள்ள சேவையகத்தை அழைத்து இணைப்பை உண்டாக்க வேண்டும். அதற்கு வயர்கார்டை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் உண்டு. அல்லது சிறிய சேவையகம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து 25 நொடிக்கு ஒருமுறை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வயர்கார்டில் அமைக்கலாம். ஒரு சிறு விஷயம்: கும்பகோணம் வீடும் உங்கள் சிங்கப்பூர் அறையும் இரண்டுமே 192.168.1 என்ற முகவரி வரிசையில் இருந்தால், வி.பி.என். இணைந்தும் கேமரா திறக்காமல் தலைவலி தரும். வீட்டு ரவுட்டரில் அதை 192.168.47 போல வேறொன்றாக முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வாசல் திறந்துகொள்ள உதவும் யு.பி.என்.பி.யை அணையுங்கள், பொருத்தித் தந்தவருக்குக் கணக்கு இருந்தால் நீக்குங்கள். கேமரா வாசலோடு நிற்கட்டும். கூடத்துக்குள் வைப்பதானால் அம்மா அப்பாவிடம் கேட்டுவிட்டு, எப்போது பார்ப்பீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு வையுங்கள். இணையம் போனாலும் சுவர் சுவிட்சால் எல்லா விளக்கும் எரிய வேண்டும் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வயதானவர்கள் இருட்டில் கைபேசியைத் தேடக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் கைபேசியில் வை-ஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பழைய முகவரியைத் திறந்து பாருங்கள், திறக்கக் கூடாது. பிறகு வி.பி.என்.னைப் போட்டுவிட்டு கேமராவின் வீட்டு முகவரியைத் திறங்கள்; வாசல் தெரிய வேண்டும். இரண்டும் அப்படியே நடந்தால், ரவுட்டரில் பழைய ஃபார்வர்டிங் விதி இன்னும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதையும் அழித்துவிடுங்கள்.