பதில்: குடுவைச் செடி பூத்தும் காய் பிடிக்கவில்லை

வணக்கம் நண்பரே. வேளச்சேரி மொட்டைமாடியில் உங்கள் நெப்பந்தஸ் (பூச்சிகளைப் பிடித்து உண்ணும் குடுவைச் செடி) கொத்தாகப் பூத்தும் காயே இல்லை, தேடி வரும் ஈக்களைக் குடுவை விழுங்கிவிடுகிறதோ என்று கேட்டிருந்தீர்கள். குடுவைமேல் பழி வேண்டாம். இந்த இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு.

பூவை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு சிறு மடல்கள், அவற்றில் தேன் கசியும். நடுவில் குச்சி போன்ற தண்டின் நுனியில் மகரந்த உருண்டை இருந்தால் ஆண். பச்சையாகப் புடைத்த சூலகம் இருந்தால் பெண். உங்கள் படத்தில் மஞ்சள் உருண்டை தெளிவாகவே தெரிகிறது, ஆண்தான். எத்தனை ஈ வந்தாலும் அதில் காய் பிடிக்காது.

பூந்தண்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள். சென்னையில் யாரிடமாவது பெண் செடி பூத்திருந்தால், மகரந்தத்தை மெல்லிய தூரிகையில் எடுத்துச் சூலகத்தின் உச்சியில் தடவினால் போதும்.