குளித்த பிறகு நாயின் காதோரம் முடி கட்டிக்கொண்டால்

குளிப்பாட்டிய பிறகுதான் உங்கள் பூடில் நாய்க்குக் காதுக்குப் பின்னால் முடி சிக்காகிக் கட்டிக்கொள்கிறது, சீப்பை எடுத்தாலே கத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் சிக்கெடுங்கள், அப்புறம்தான் குளியல். சுருட்டை முடியில் சின்னச் சிக்கு இருந்தாலும் நனைந்து காயும்போது கம்பளி மாதிரி இறுகிவிடும்.

இப்போதுள்ள கட்டில் கொஞ்சம் கார்ன்ஃப்ளார் மாவு தூவுங்கள். தோலோரமாக முடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரியுங்கள். அந்தப் பிடியை விடாதவரை இழுப்பு தோலுக்கு அவ்வளவாகப் போகாது, கத்தலும் குறையும்.

கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம். கட்டோடு தோலும் மேலே எழும்பியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நான் ஒருமுறை அவசரப்பட்டு வெட்டி, தையல் போடும்படி ஆனது. பிரியவே பிரியாத கட்டை டிரிம்மரால் மழித்துவிடுங்கள். முடிதானே, வளர்ந்துவிடும். கழுத்துப்பட்டை உரசும் இடத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.