ப்ளாக்செயினுக்கு மூன்றரை லட்சமா? முதலில் அன்றைய பேப்பரைக் காட்டி எடுங்கள்

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து எங்கள் வட்டாரத்துச் செய்திகளை யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டு வருகிறோம். ஏரி மண், ரேஷன் கடை, ஊராட்சி வேலை, இப்படி. போன மார்ச்சில் எங்கள் ஏரியில் ராத்திரி பொக்லைன் வைத்து மண் அள்ளியதை எடுத்துப் போட்டோம். 'அது இரண்டு வருஷத்துப் பழைய வீடியோ, அப்போது அனுமதி இருந்தது' என்று சொல்லிவிட்டார்கள். எங்களால் நிரூபிக்க முடியவில்லை. இப்போது ஒருவர் எங்கள் வீடியோக்களை ப்ளாக்செயினில் ஏற்றித் தருகிறேன், அப்புறம் கோர்ட்டே மறுக்க முடியாது, யாராலும் அழிக்கவும் முடியாது, கூடவே உங்கள் சேனல் பெயரில் டோக்கன் என்ற டிஜிட்டல் நாணயம் வெளியிட்டால் பார்வையாளர்களே பணம் போடுவார்கள் என்கிறார். மொத்தம் 3.5 லட்சம் கேட்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள், கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மீது வந்த பழி என்ன? வீடியோ பழையது என்பது. ப்ளாக்செயின் என்ன நிரூபிக்கும்? இந்தக் கோப்பு இந்தத் தேதிக்கு முன்பே இருந்தது என்று நிரூபிக்கும், அவ்வளவுதான். இந்தத் தேதியில்தான் எடுத்தது என்றோ, அதற்கு முன்னால் எடுக்கவில்லை என்றோ அது சொல்லாது. ஐந்து வருஷத்துக்கு முந்தைய வீடியோவை நான் இன்றைக்கு ஏற்றினால் இன்றைய தேதி விழும். ஆக அவர் 3.5 லட்சத்துக்கு விற்கிற சரக்கு உங்கள் நோய்க்கான மருந்தே இல்லை. அது அவருக்குத் தெரியாமல் இருந்தால் அவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை, தெரிந்தே விற்றால் அது ஏமாற்று.

பத்திரப்பதிவை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிவானால், அந்தத் தேதியில் அந்தக் காகிதம் இருந்தது, அதற்கு ஒரு ஆவண எண் விழுந்தது, இனி முன்தேதி போட்டு மாற்ற முடியாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் நிலம் விற்றவனுடையதுதானா என்பதைப் பதிவு சொல்லாது. போலிப் பத்திரமும் முறையாகப் பதிவாகித்தான் இத்தனை குடும்பங்கள் கோர்ட்டுக்கு அலைகின்றன. ப்ளாக்செயினும் அப்படி ஒரு பதிவுப் புத்தகம்தான். புத்தகம் ஒரு அலுவலகத்தில் இல்லாமல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி இருப்பதால் யாரும் ஒரு வரியைத் திருத்த முடியாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

சரி, அப்போது பழைய வீடியோ என்பவனுக்கு என்ன பதில்? நிலம் அளக்கிறபோது இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை அடிப்பார்கள் இல்லையா, அதே போல நேரத்துக்கும் இரண்டு முளை வேண்டும். முதல் முளை, வீடியோ இந்தத் தேதிக்கு முன்னால் எடுத்திருக்க முடியாது என்பது. அதற்கு அன்றைய செய்தித்தாளின் முதல் பக்கம் போதும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சமாச்சாரம். தலைப்புச் செய்தி படிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் காட்டிவிட்டு, கேமராவை நிறுத்தாமல், வெட்டாமல், அப்படியே திருப்பி பொக்லைனையும் ஏரிக்கரையையும் காட்டுங்கள். தினசரி காலண்டரைக் காட்டி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது உதவாது, காலண்டர் முந்தைய வருஷமே அச்சாகிக் கடைக்கு வந்துவிடும். நாளைய பேப்பரை இன்றைக்கு யாராலும் வாங்க முடியாது, அதனால்தான் அதற்கு மதிப்பு. இரண்டாவது முளை, இந்தத் தேதிக்குப் பிறகு வீடியோவில் கை வைக்கவில்லை என்பது. ப்ளாக்செயின் உதவுகிற இடம் இந்த இரண்டாவது முளை மட்டும்தான், அதுவும் இலவசமாகவே கிடைக்கிறது.

அது எப்படி என்று சொல்கிறேன். எந்தக் கோப்பிலிருந்தும் அதன் கைரேகை போல ஒரு எண்ணை எடுக்கலாம், அதற்கு ஹேஷ் என்று பெயர். எஸ்எச்ஏ-256 என்ற முறையில் எடுத்தால் 64 எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு வரி வரும். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி முழுசாக வேறாகிவிடும். ஒரு பயிற்சி வகுப்பில் பிள்ளைகள் கண் முன்னாலேயே செய்து காட்டினேன். மொபைலில் ஜன்னலை இருபது விநாடி வீடியோ எடுத்து ஹேஷ் எடுத்தோம், கரும்பலகையில் எழுதினோம். அதே வீடியோவைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் மொபைலில் எடுத்தோம். முதல் எழுத்திலிருந்தே வேறு. பார்க்க அதே ஜன்னல்தான், அதே வெளிச்சம்தான், ஆனால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிப் புதுக் கோப்பாக்கி அனுப்பியிருந்தது. மறுபடி டாக்குமெண்டாக இணைத்து அனுப்பச் சொன்னேன், கரும்பலகையில் இருந்த அதே 64ம் அச்சு பிசகாமல் வந்தது.

இந்த ஒரு விஷயத்தை உங்கள் ஆறு பேரும் மனப்பாடம் செய்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. எடுத்தவரின் மொபைலில் இருப்பதுதான் மூலம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தது மூலம் அல்ல, யூடியூபிலிருந்து இறக்கியது மூலம் அல்ல, லோகோ ஒட்டி எடிட் செய்தது மூலம் அல்ல. கூகுள் போட்டோஸில் இடத்தை மிச்சம் பிடிக்கிற அமைப்பு போட்டிருந்தால் அதில் இருப்பதும் மூலம் அல்ல. பெயர் மாற்றினால் ஹேஷ் மாறாது, ஓரத்தை நறுக்கினால் மாறும்.

எடுத்த அன்று இரவே மூலக் கோப்பின் ஹேஷை எடுங்கள். அதற்கு இலவசச் செயலிகள் இருக்கின்றன, விண்டோஸ் கணினியிலேயே ஒரு கட்டளை இருக்கிறது, கணினி தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவன் இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுவான். அப்புறம் ஓப்பன் டைம்ஸ்டாம்ப்ஸ் என்று ஒரு சேவை, பிட்காயின் மென்பொருளில் வேலை செய்த பீட்டர் டாட் என்பவர் 2016-இல் கொண்டுவந்தது. அதன் பக்கத்தில் கோப்பைக் காட்டினால், கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது, ஹேஷ் மட்டும் போகும். ஊர் உலகத்திலிருந்து வருகிற ஹேஷ்களை எல்லாம் சேர்த்து ஒன்றாக முடிந்து பிட்காயின் சங்கிலியில், அதாவது பிட்காயின் நாணயத்தின் ப்ளாக்செயினில், ஒரே பதிவாகப் போடுவார்கள், அதனால்தான் காசு கேட்பதில்லை. உங்களுக்கு ஒரு சின்னச் சான்றுக் கோப்பு தருவார்கள். பதிவு உறுதியாகச் சில மணி நேரம் ஆகும். அந்தச் சான்றையும் மூல வீடியோவையும் ஒன்றாக இரண்டு இடத்தில் வையுங்கள். மூன்றரை லட்சத்துக்கு அவர் செய்யப்போவதும் அநேகமாக இதையேதான்.

இல்லை, இதைக்கூடச் செய்ய மாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. போன வருஷம் ஒரு குழு தங்களுக்குக் கிடைத்த 'ப்ளாக்செயின் சான்றிதழை' என்னிடம் கொண்டுவந்தது. தங்க நிற முத்திரை, க்யூஆர் கோடு, பளபளப்பான பிடிஎஃப். ஸ்கேன் செய்தால் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போனது, அங்கே 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை டிக். எந்தச் சங்கிலி, எந்தப் பதிவு எண் என்று தேடினால் அவர்களுடைய சொந்த மூன்று சர்வர்கள். மூன்றையும் வைத்திருப்பது அந்த நிறுவனமே, திருத்தினால் கேட்க யாரும் இல்லை, கட்டணம் கட்டாவிட்டால் நிறுத்தியும் விடலாம். அந்தப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, ஒருவர் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. எனக்கு இன்னும் ஆறவில்லை. யார் வந்தாலும் ஒன்று மட்டும் கேளுங்கள்: உங்கள் நிறுவனம் நாளைக்கு மூடிவிட்டால், உங்கள் இணையதளம் இல்லாமல், நான் வேறு எங்கே போய் இதைச் சரிபார்ப்பது? பதில் சொல்ல ஆள் தடுமாறினால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

'யாராலும் அழிக்க முடியாது' என்பதிலும் பாதிதான் உண்மை. 2018 ஏப்ரலில் பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவி ஒருவரின் திறந்த கடிதத்தைச் சீனச் சமூக ஊடகங்களில் அழித்துக்கொண்டே இருந்தார்கள், யாரோ ஒருவர் அதை எதீரியம் என்ற இன்னொரு ப்ளாக்செயினின் பரிவர்த்தனை ஒன்றுக்குள் எழுதி வைத்துவிட்டார், இன்றைக்கும் படிக்கலாம். 2021 ஜூனில் ஹாங்காங்கின் ஆப்பிள் டெய்லி மூடப்பட்டபோது ஆர்வலர்கள் அதன் கட்டுரைகளை ஆர்வீவ் என்ற சங்கிலியில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். இதையெல்லாம் நான் மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவை பெரும்பாலும் எழுத்து. உங்கள் நூறு எம்பி வீடியோவைப் பிட்காயின், எதீரியம் மாதிரி சங்கிலிக்குள் யாரும் வைப்பதில்லை, வேறெங்கோ வைத்துவிட்டு விலாசத்தை மட்டும் சங்கிலியில் எழுதுகிறார்கள். அந்த இடத்துக்கு வாடகை நின்றால் விலாசம் இருக்கும், வீடு இருக்காது.

அழிக்க முடியாமல் போவதே வினையாகவும் முடியும். ஒரு வீடியோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் முகமோ, போக்சோ வழக்கில் ஒரு குழந்தையின் பெயரோ தெரிந்துவிட்டால் அது குற்றம். யூடியூபில் என்றால் பதறிப்போய் எடுத்துவிடலாம், சங்கிலியில் எடுக்கவே முடியாது. உங்களுக்குத் தகவல் கொடுத்தவரின் வீட்டு ஜிபிஎஸ் புள்ளி கோப்புக்குள் இருந்தாலும் இதே கதி. அதனால் ஹேஷை மட்டும் ஏற்றுங்கள், கோப்பை ஏற்றாதீர்கள்.

டோக்கன் பேச்சை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் சிவில் என்ற நிறுவனம் பத்திரிகையாளர்களுக்காகவே இதைத் தொடங்கியது, பின்னால் கான்சென்சிஸ் மாதிரி பெரிய ப்ளாக்செயின் நிறுவனம் இருந்தது. 2018-இல் குறைந்தது 80 லட்சம் டாலர் திரட்ட நினைத்தார்கள், கால்வாசிகூடத் தேறவில்லை. டோக்கன் வாங்க வந்தவர்கள் தேர்வு எழுதுகிற மாதிரி கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? 2020 ஜூனில் கடையை மூடிவிட்டார்கள். நம் நாட்டில் இந்த வகைச் சொத்தின் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி வேறு. உங்கள் ஊர்க்காரர்கள் ஜிபேயில் அனுப்புகிற ஐம்பது ரூபாய் இதைவிட எவ்வளவோ நல்ல பணம்.

இப்போது கோர்ட். 'கோர்ட்டே மறுக்க முடியாது' என்று அவர் சொன்னது சுத்தப் பொய். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் கூடவே ஒரு சான்று வேண்டும். படிவத்தைச் சட்டத்தின் அட்டவணையிலேயே கொடுத்திருக்கிறார்கள். முதல் பகுதியில் கருவியின் மாடல், நிறம், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு மொபைலுக்கும் உள்ள தனி அடையாள எண்) எல்லாம் எழுதி நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், ஹேஷ் எழுதவும் அதில் இடம் இருக்கிறது. ப்ளாக்செயின் என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நிபுணர் யார், எங்கே இருக்கிறார், என்ன கட்டணம் என்று கேட்டால் பதில் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அறிவித்த ஆய்வாளர்கள் பெரும்பாலும் அரசு ஆய்வகங்கள், ஒரு சாதாரண ஆள் பெண்டிரைவோடு போய் வாங்கிவரக்கூடிய இடமாக அவை இல்லை. சட்டத்தை மாற்றத் தெரிந்தவர்களுக்கு மாவட்டத்துக்கு ஒரு ஆளை உட்கார வைக்கத் தெரியவில்லை. இந்த ஓட்டையில்தான் உங்களைத் தேடி வந்தவரைப் போன்ற புரோக்கர்கள் நுழைகிறார்கள்.

ஆனால் இதில் ஒரு விலக்கு இருக்கிறது, யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட இதே மாதிரிச் சான்று கட்டாயம் என்றது, கூடவே இன்னொன்றும் சொன்னது: வீடியோ இருக்கிற மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கொண்டுவந்து, சாட்சிக் கூண்டில் ஏறி, இது என்னுடையது, நான் பயன்படுத்துவது, மூலம் இதில்தான் இருக்கிறது என்று சொன்னால் சான்று தேவையில்லை. தீர்ப்பு பழைய சட்டத்தின் மேல் வந்தது, புதிய சட்டத்தில் எப்படிப் பொருத்துவது என்பதை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். உங்கள் வேலை அந்த மொபைலைக் காப்பாற்றுவது. மொபைல் என்றால் மொபைலையேதான் சொல்கிறேன், மெமரி கார்டை அல்ல, அதிலிருந்து எடுத்த பெண்டிரைவை அல்ல, அண்ணன் மொபைலுக்கு மாற்றி வைத்ததை அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு வழக்கில் எல்லாம் சரியாக இருந்தது, எடுத்த தம்பி தீபாவளி ஆஃபரில் பழைய மொபைலைக் கொடுத்துப் புதுசு வாங்கிவிட்டான். கடைக்காரர் அவன் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டாராம். திரை உடைந்தால் உடைந்தபடியே இருக்கட்டும். சர்வீஸ் சென்டரில் ரீசெட் செய்யச் சம்மதிக்காதீர்கள். யாருடைய மொபைலோ அவரே கூண்டில் ஏற வேண்டியிருக்கும், அதனால் சபைக்கு வரத் தயங்குகிறவரை முக்கியமான படப்பிடிப்புக்கு அனுப்பாதீர்கள். காவல் நிலையத்தில் மொபைலைக் கேட்டால், ஐஎம்இஐ எண்ணோடு எழுதிய ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள், ஹேஷும் எழுதச் சொல்லுங்கள். 'அதெல்லாம் இங்கே வழக்கமில்லை' என்பார்கள், நீங்களே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி ஒரு பிரதியில் ஸ்டேஷன் முத்திரை கேளுங்கள்.

கடைசியாக உங்கள் மார்ச் வீடியோ. இன்றைக்கு அதற்கு ஹேஷ் எடுத்து டைம்ஸ்டாம்ப் செய்யுங்கள், இனிமேல் யாரும் திருத்தினீர்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் பழையது என்ற பழி அதனால் போகாது. எடுத்த மொபைல் யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூல வீடியோவைப் பெரிய திரையில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ராத்திரி மண் அள்ளினார்கள் என்றால் டிப்பர் வந்திருக்கும், முகப்பு வெளிச்சத்தில் ஒரு நொடியாவது நம்பர் பலகை தெரிந்திருக்கும். அந்த எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் வண்டி பதிவான தேதி வரும். இரண்டு வருஷத்துக்குள் பதிவான வண்டி ஒன்று அந்த வீடியோவில் இருந்தால் போதும், எனக்கு எழுதுங்கள், மனுவை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.