அழகாபுரம் வீட்டுப் புல்தரை: புதிய புல் பாய் தேவையா?

சேலம் அழகாபுரத்தில் உங்கள் வீட்டின் முன்புறப் புல்தரை பராமரிப்பின்றிக் கோரையும் பார்த்தீனியமும் மண்டிக் கிடப்பதாகவும், கொரியன் புல் பாய்க்கு (மண்ணோடு பெயர்த்து விரிக்கும் புல்தரைத் துண்டு) நர்சரியில் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாயை இப்போது வாங்க வேண்டாம். கோரை அதைத் துளைத்துக்கொண்டு முளைத்து வரும்.

கோரையைக் கையால் பிடுங்கினால் தாள் மட்டுமே வரும்; மெல்லிய வேரில் சரம்சரமாகக் கோத்தாற்போல் இருக்கும் சிறிய கறுத்த கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். எனவே முந்தைய நாள் மாலை தண்ணீர் பாய்ச்சி, மறுநாள் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கிழங்குகளைப் பொறுக்கி எடுங்கள். மறுபடி முளைப்பவற்றையும், நாலைந்து இலை விடுவதற்குள், அதே முறையில் எடுக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் கைக்காசு செலவாகாது. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே, கையுறை அணிந்து, வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

பிறகு நன்கு மக்கிய தொழுவுரத்தைப் பரப்பி (பச்சைச் சாணம் களை விதைகளையும் சேர்த்துக் கொண்டுவரும்), அருகம்புல்லின் கணுத்துண்டுகளை அரைச் சாண் இடைவெளியில் நடுங்கள். சேலத்து வெயிலுக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து. நிழல் விழும் மூலையில் மட்டும் அது சரியாகப் படராது, அங்கே புல்லை மறந்துவிட்டுச் சரளைக்கல் பரப்பலாம். ஆவணி, புரட்டாசியில் நட்டால் மழையே பாதித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும். வெட்டும்போது உயரத்தில் 3-இல் 1 பங்குக்கு மேல் குறைக்காதீர்கள்.