விருது யாருக்கு, எதற்கு? மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்புச் சேவையில் ஊழியர் பாராட்டு: கேள்வி பதில்

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக் கொடுக்கும் தொண்டு நிறுவனத்தில் 14 ஆண்டுகள் ஜாப் கோச்சாக (வேலை செய்யும் இடத்துக்கே கூடப் போய்ப் பழக்கிவிடுபவர்) இருந்தேன். அப்புறம் 6 ஆண்டுகள் விருதுக் குழுவில் இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கேள்வி (மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்): வணக்கம் அக்கா. எங்களிடம் ஒரே ஒரு விருதுதான் இருக்கிறது, 'ஆண்டின் சிறந்த ஊழியர்'. அதிகம் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவருக்குப் போகும். கணக்கு தெளிவாக இருப்பதால் நிர்வாகக் குழுவுக்குத் திருப்தி. இதை மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள், இந்த வருடமே. நான் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் எங்களிடமும் இதே விதி இருந்தது. 31 பேரை வேலையில் சேர்த்தவருக்கு ஷீல்டு கிடைத்தது. என் பக்கத்து மேசையில் இருந்த தோழி சேர்த்தது இரண்டே பேரை. அவரும் எழுந்து நின்று கைதட்டினார்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர். வேலை, கிடங்கில் பெட்டி கட்டுவது. தோழி ஆறு படிகளையும் படமாக வரைந்து அவருடைய மேசை ஓரத்தில் ஒட்டினார். முதல் வாரம் ஒவ்வொரு படிக்கும் வாயால் சொன்னார். அடுத்த வாரம் விரலால் காட்டியதோடு சரி. அதற்கடுத்து பக்கத்தில் சும்மா நின்றார். நான்காவது மாதம் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். ஒரு நாள் டேப் தீர்ந்துவிட்டது. இளைஞர் சுற்றுமுற்றும் பார்த்தார், தோழியைக் காணவில்லை. நேராக மேற்பார்வையாளரிடம் நடந்துபோய்க் கேட்டு வாங்கிவந்தார். அன்றைய பதிவேட்டில் தோழி எழுதியது ஒரே வரி: "டேப்பை இன்று அவரே கேட்டு வாங்கினார்."

ஜாப் கோச் வேலையின் உச்சம் இதுதான், தன் தேவை இல்லாமல் போகும்படி செய்வது. எண்ணிக்கையில் இது வராது.

எண்ணிக்கைக்கு விருது கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். சுலபமாக வேலை கிடைக்கக்கூடியவர்களின் கோப்புகள் முதலில் கைமாறும். அதிக ஆதரவு தேவைப்படுபவர்களின் கோப்புகள் அலமாரியிலேயே கிடக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, விருது காட்டும் திசையில் கால் தானாகப் போகிறது. மனநலப் பாதிப்பு உள்ளவர்களை வேலையில் சேர்த்து ஆதரவு தருவதற்காக உருவான ஐ.பி.எஸ். (Individual Placement and Support) முறையில் 'யாரையும் ஒதுக்காதே' என்பது அடிப்படை விதி. வேலை செய்ய விருப்பம் இருந்தால் போதும், தகுதி பார்த்து வடிகட்டக் கூடாது. ஒரு கோச்சுக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்றும் அந்த முறை சொல்கிறது. எண்ணிக்கை விருது இந்த இரண்டையும் அரித்துவிடும்.

எண் வேண்டும் என்று நிர்வாகக் குழு பிடிவாதம் பிடித்தால், சேர்ந்த நாளை எண்ணாதீர்கள். ஒரு வருடம் கழித்தும் அந்த வேலையில் இருக்கிறாரா, சம்பளம் கூடியதா, அவருக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று எண்ணுங்கள்.

கேள்வி (அலுவலக மேலாளர்): ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்களுக்கு விருது கொடுக்கலாமா?

வேண்டாம். சலவைத் தொழிற்சாலைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. வருகை விருது வந்ததும் பலர் விருதுக்குத் தகுதி இருக்கும்வரை மட்டும் நேரத்துக்கு வந்தார்கள். தாமதமாகிவிடும் என்று தெரிந்தால், தாமதம் பதிவாகாமல் இருக்க உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். விருது இல்லாதபோதே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் உற்பத்தித்திறன் 6 முதல் 8 சதவீதம் குறைந்தது.

நம் துறையில் இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் ஊழியர்களிலேயே மாற்றுத்திறனாளிகள் இருப்பார்கள். டயாலிசிஸுக்குப் போகிறவர், வலிப்பு வந்த மறுநாள் எழ முடியாதவர் எல்லாம் இந்த விருதை எந்தக் காலத்திலும் வாங்க முடியாது. முதலாளிகளிடம் போய் நெகிழ்வான வேலை நேரம் கேட்கிற நாமே நம் வீட்டில் இப்படிச் செய்யலாமா?

கேள்வி: ஷீல்டா, பணமா?

வாங்கப்போகிறவரிடமே கேளுங்கள். சம்பளம் குறைவாக இருக்கும் இடத்தில் ஷீல்டு அதை ஈடுகட்டாது.

கேள்வி (கள ஒருங்கிணைப்பாளர்): குறைந்தபட்சம் எத்தனை பேரை வேலையில் சேர்த்தவரை விருதுக்குப் பரிந்துரைக்கலாம் அக்கா?

முதல் பதிலைப் படியுங்கள். அப்படி ஒரு எண் வைக்கக் கூடாது.

கேள்வி (நிகழ்ச்சிப் பொறுப்பாளர்): டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று விருது விழா. எங்களால் வேலை பெற்றவர்களை மேடையேற்றி 'தன்னம்பிக்கை விருது' தரலாம் என்று இருக்கிறோம். நன்கொடையாளர்கள் நெகிழ்ந்துபோவார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டெல்லா யங், பத்திரிகையாளர், மேடை நகைச்சுவைக் கலைஞர், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அவருக்கு 15 வயது இருக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் அவரைச் சாதனை விருதுக்குப் பரிந்துரைக்க வந்தாராம். அவள் இன்னும் எதையும் சாதிக்கவில்லையே என்று பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். 2014இல் சிட்னியில் பேசிய உரையில் அவரே இதைச் சொன்னார். பள்ளிக்குப் போனதும், நல்ல மதிப்பெண் எடுத்ததும், அம்மாவின் முடிதிருத்தும் கடையில் பகுதிநேர வேலை பார்த்ததும் மற்ற பிள்ளைகளும் செய்கிறவைதான்.

காலையில் எழுந்து வேலைக்குப் போவதற்கு நீங்கள் விருது வாங்கினீர்களா? 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு வேலையை உரிமை என்கிறது. உரிமை கைக்கு வந்ததற்குச் சான்றிதழ் எதற்கு?

(பார்வையற்ற வாசகர் ஒருவர்): மேடம், நான் மறுக்கிறேன். எட்டு வருடம் அலைந்து ஒரு கால் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். மேடையில் என் பெயரைச் சொன்னபோது அம்மா அழுதார். அது என் பெருமை. அதைக் கொச்சைப்படுத்த நீங்கள் யார்?

உங்கள் பெருமையைத் தொட எனக்கு உரிமையில்லை. எட்டு வருடம் தளராமல் நின்றது சாதாரணமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்று உங்களைப் பற்றி வாசித்த குறிப்பை யார் எழுதினார்கள்? வாசிப்பதற்கு முன்னால் உங்களிடம் காட்டினார்களா?

(அதே வாசகர்): காட்டவில்லை. 'இருளில் தவித்தவர்' என்று வாசித்தார்கள். அது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் விருதே கூடாது என்பது அநியாயம்.

(ஒரு தாய்): என் மகனுக்குப் பேச்சு வராது. அவன் படத்தைக் கேட்காமலேயே பேனரில் போட்டார்கள். அவன் அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அக்கா சொல்வதுதான் சரி.

(பார்வையற்ற வாசகர்): அம்மா, உங்கள் மகனுக்கு நடந்தது தப்பு. கேட்காமல் செய்தார்கள், அதுதான் தப்பு. மேடை தப்பில்லை. எங்களில் சிலருக்கு மேடை வேண்டும்.

இந்த வரி என்னை யோசிக்க வைத்துவிட்டது. 'மேடையேற்றவே கூடாது' என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். அவர் சொல்வது நியாயம். முடிவு எடுக்க வேண்டியது நானும் இல்லை, நன்கொடையாளரும் இல்லை, சம்பந்தப்பட்டவர். அதனால் என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். முதலில் கேளுங்கள். மறுத்தாலும் சேவை குறையாது என்பதைப் புரியும்படி சொல்லிவிட்டுக் கேளுங்கள். நம்மிடம் வேலைக்காக வந்தவருக்கு நம்மிடம் 'முடியாது' என்று சொல்வது கஷ்டம். பேச்சு வராதவரிடம் படம், சைகை என்று அவருக்குப் பழக்கமான வழியில் கேளுங்கள். குறிப்பை அவரே எழுதட்டும், அல்லது அவர் ஒப்புக்கொண்ட பிறகு வாசியுங்கள். விருது அவர் செய்த வேலைக்காக இருக்கட்டும், அவருடைய குறைபாட்டுக்காக வேண்டாம். 'மாதத்தின் சிறந்த வாடிக்கையாளர் சேவை' என்றால் நானே முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

(பார்வையற்ற வாசகர்): இதை ஏற்கிறேன் மேடம்.

கேள்வி: மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்த முதலாளிகளுக்கு விருது தரலாமா?

வேலைக்கு எடுத்ததற்காக வேண்டாம். எடுத்தபிறகு எதை மாற்றினார் என்று பாருங்கள். திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைப் பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் கருவி) வேலை செய்யாத மென்பொருளைச் சரிசெய்தாரா, பதவி உயர்வு கொடுத்தாரா? அதற்குத் தாராளமாகக் கொடுங்கள்.

கேள்வி (விழா ஏற்பாட்டாளர்): விழா மண்டபத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மேடைக்குச் சாய்தளம். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும். மண்டபத்துக்குச் சாய்தளம் போட்டுவிட்டு மேடைக்கு மறந்துவிடுகிறார்கள். விருது வாங்க வேண்டிய எங்கள் ஊழியர் ஒருவரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சாய்தளம் முடியாவிட்டால் எல்லோருக்கும் கீழேயே கொடுங்கள். சைகைமொழிபெயர்ப்பாளர் நிற்கும் இடத்தில் வெளிச்சம் வேண்டும், உரைகளை முந்தின நாளே அவருக்கு அனுப்புங்கள். காது கேளாதவர் விருது வாங்கும்போது இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்துப் பாராட்டுங்கள். திடீர்ச் சத்தம் ஆகாதவர்களுக்கும் அது நல்லது.

கேள்வி: விருதுத் தொகைக்கு வரி உண்டா?

உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி (கிளைப் பொறுப்பாளர்): வேலையில் சேர்த்த எண்ணிக்கைக்கு 50 மதிப்பெண், மற்றவற்றுக்கு 50 என்று பிரித்தால் சரியா?

இதே கேள்வி மூன்றாம் முறை வருகிறது. பாதி மதிப்பெண் கொடுத்தாலும் ஊழியர்களின் கால்கள் எண்ணிக்கையின் பக்கம்தான் போகும். எடுத்துவிடுங்கள்.

கேள்வி (சிறு நிறுவனத்தின் நிறுவனர்): நாங்கள் மொத்தம் ஒன்பது பேர். விழா நடத்தப் பணமில்லை. பாராட்டு என்றால் வெறும் வாய்வார்த்தைதான். அதில் பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வந்தவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு ஒரு விருது கொடுத்துப் பார்த்தார்கள். பணம் எதுவும் இல்லை, பாராட்டு மட்டும்தான். விருது பெற்றவர்களில், தொடர்ந்து எழுதியவர்களின் எண்ணிக்கை 20 சதவீதம் கூடியது. யானா காலுஸ் என்ற ஆய்வாளர் 2017இல் வெளியிட்டது.

ஆனால் 'அருமையான பணி' என்று பொதுவாகச் சொன்னால் மனதில் ஒட்டாது. வாராவாரம் கூடும்போது பதிவேடுகளைப் புரட்டி ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். எழுதியவரிடம் கேட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவரின் பெயரைச் சொல்லாமல் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். நான் குழுவுக்கு வந்தபிறகு முதலில் செய்தது அதுதான். பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, என் தோழி எழுதிய அந்த டேப் வரியை வாசித்தேன். அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. போனில் அழைத்து, இன்று உங்கள் வரியை வாசித்தோம் என்று சொன்னேன். சற்று நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்: "அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாரா?"

ஆமாம், பார்த்துக்கொண்டிருந்தார்.