5ஆம் தேதி கட்டுகிறேன், அன்றைக்கே திரும்ப எடுக்கிறேன்

கேள்வி: சார், சொந்த ஊர் சங்கரன்கோவில். கோவைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். கல்விக் கடனில் ஃபீஸும் ஹாஸ்டலும் ஓடுகின்றன. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், மாதம் 4,000 அனுப்புவார். தமிழ்ப்புதல்வன் பணம் 1,000 வரும். செப்டம்பரில் கையில் காசில்லாமல் ஒரு லோன் ஆப்பில் 5,000 எடுத்தேன். ஃப்ரெஷர்ஸ் டே சட்டை, ஷூ, ரூமில் பிறந்தநாள் ட்ரீட் என்று போய்விட்டது. தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை கொஞ்சம் எடுத்தேன். எல்லாம் சேர்த்து நான் செலவழித்தது ஒன்பதாயிரம்தான் இருக்கும். இன்று நான்கு ஆப்பில் 18,000 நிற்கிறது. ஆனால் ஒரு தவணைகூடத் தவறியதில்லை, சிபில் ஸ்கோரும் நன்றாக இருக்கிறது. கல்விக் கடனைக் கூட்டி வாங்கி இதை அடைக்கலாமா? பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்து இரண்டே வாரத்தில் எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு சீனியர். வீட்டில் தெரிந்தால் அப்பா படிப்பையே நிறுத்திவிடுவார். (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, பட்ஜெட் போடு, டீயைக் குறை என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். ட்ரீட்டும் உங்களைக் கவிழ்க்கவில்லை. முதல் வருடம், புது ஊர், ஆறு பேர் ஒரு ரூமில்; ஒன்பதாயிரம் கூடுதலாகப் போனது பெரிய குற்றமில்லை. கவிழ்த்தது, பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘ஒரு தவணைகூடத் தவறியதில்லை’. ஒவ்வொரு தவணையையும் கட்டியது அடுத்த ஆப்பின் பணம்.

உங்கள் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். 5,000 கடனுக்குப் பிராசஸிங் கட்டணம் 500, அதன் மேல் ஜிஎஸ்டி 90. கைக்கு வந்தது 4,410. முப்பது நாளில் கட்ட வேண்டியது 5,150. அதாவது 4,410 ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கு 740. நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 17 வட்டி, நூறு ரூபாய்க்கு மாதம் 17. தறிக்காரர் வீட்டில் ஐந்து வட்டி என்றாலே வாசலோடு திருப்பி அனுப்புவார்கள். கந்துவட்டிக்கு 2003-லேயே தடைச் சட்டம் போட்ட மாநிலம் இது. போனில் பச்சை நிறப் பட்டனாக வந்தால் மட்டும் யாருக்கும் அது வட்டியாகத் தெரிவதில்லை.

5,150 கட்ட வேண்டுமென்றால், கட்டணம் பிடித்தது போக அந்தத் தொகை கைக்கு வர, அடுத்த ஆப்பில் சுமார் 5,840 எடுக்க வேண்டும். அடுத்த மாதம் அது 6,820. நடுவில் தீபாவளி, பொங்கல் கடன்களையும் சேர்த்தால் பிப்ரவரியில் 18,000 வந்துவிடுகிறது; நானும் போட்டுப் பார்த்தேன். செலவு ஒன்பது, மீதி ஒன்பது வெறும் கட்டணமும் வட்டியும். இனி நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காவிட்டாலும், இந்தக் கடனை 18,000-லேயே புதுப்பித்து வைத்திருக்க மட்டும் மாதம் சுமார் 2,660 போகும். உங்கள் கைக்கு வருவதே ஐயாயிரம்.

ஸ்கோர் நன்றாக இருப்பதால் லிமிட்டை ஏற்றுகிறார்கள். அது உங்களுக்குச் சாதகம் இல்லை.

கல்விக் கடனைக் கூட்டுவது நடக்காது. வங்கி, கல்லூரி தரும் கட்டண விவரத்தை வைத்துத்தான் கடன் தரும். பணமும் பெரும்பாலும் நேரே கல்லூரிக்குப் போகும். டிரேடிங் சொன்ன சீனியரிடம் அவருடைய முழு வருட லாப நஷ்டக் கணக்கைக் கேளுங்கள், பேச்சு மாறிவிடும். ஆப்ஷன் டிரேடிங் அடங்கிய எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கு வெளியிட்டது. கடன் வாங்கி அதில் இறங்குவதைப் பற்றிப் பேசவே எனக்குப் பொறுமை இல்லை.

வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அம்மா மகளிர் குழுவில் இருப்பதாக இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். குழு தன் சேமிப்பிலிருந்து தரும் உள்கடன் ஒரு வட்டி என்று வைத்துக்கொண்டால், இந்த மாத வட்டியையும் சேர்த்து 18,500 வாங்கி ஒரு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 1,650. வருடம் முழுக்க வட்டி 1,250-க்குப் பக்கம். ஆப்புகள் இதைப் பதினைந்து நாளில் எடுத்துவிடும். இரண்டு வட்டியே ஆனாலும் லாபம்தான். தமிழ்ப்புதல்வன் ஆயிரம் அப்படியே அம்மாவுக்குப் போகட்டும். அப்பா அனுப்புவதில் 650 போடுங்கள். சாப்பாடு ஹாஸ்டலில் என்பதால் மீதி 3,350-ல் ஓட்டலாம். இறுக்கமாகத்தான் இருக்கும். பிறந்தநாளுக்கு டீயும் பஃப்ஸும் போதும் என்று ரூமில் முதலில் சொல்பவராக இருங்கள்; அதற்காகக் காத்திருக்கும் இன்னொருவர் அதே ரூமில் இருப்பார்.

அப்பாவிடம் சொல்லும் பயம் புரிகிறது. அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். ‘கொஞ்சம் கடன் இருக்கு’ என்று இழுக்காதீர்கள். நான்கு ஆப், எதில் எவ்வளவு, எந்தத் தேதி, இனி எடுக்க மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிவைத்துப் பேசுங்கள். பாதியை மறைத்து மீதியைச் சொன்னால், மறைத்ததுதான் அடுத்த கடனாக முளைக்கும்.

பணம் கட்டியதும் ஆப்பை டெலீட் செய்தால் மட்டும் போதாது. கணக்கை மூடச் சொல்லி, பாக்கி இல்லை என்ற சான்றை வாங்குங்கள். தானாகப் பணம் எடுத்துக்கொள்ள யுபிஐ-யில் கொடுத்த ஆட்டோபே அனுமதியை ரத்து செய்யுங்கள். கடன் ஆப்புகள் போனில் உள்ள தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. யாராவது வீட்டுக்குப் போன் போட்டு மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் என்றால், பொறியியல் போன்ற தொழிற்கல்விக்குப் படிக்கும் காலத்துக் கல்விக் கடன் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ உரிய தர அங்கீகாரம் இருக்க வேண்டும். கடன் வாங்கிய கிளையில் அதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் வருமானச் சான்று எடுத்துக் கொடுங்கள்.

அடுத்த 5ஆம் தேதிக்கு முன்னால் குழுக் கூட்டம் எந்தக் கிழமை என்று இன்று இரவே அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.